கை நனைக்காமல் ஏறிய படகு

என்னை ஏமாற்றிவிட்டேன் என்று கையைத் தூக்கிச் சொல்ல இந்த ஜில்லாவில் ஓர் ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைதான். அதிலும் பாதி நாள் மாடு மேய்த்தேன். அரிசி மில்லில் மூட்டை தூக்கி, அப்புறம் டிராக்டர் ஓட்டி, இன்றைக்கு நான்கு அறுவடை மிஷினுக்குச் சொந்தக்காரன். சம்பா அறுப்பு சமயத்தில் திருப்பனந்தாள் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள். பெரிய பண்ணைக்காரர்களே என் மிஷினுக்காக வரப்பில் காத்து நிற்பார்கள். இதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்டால் ஒரே வார்த்தைதான் சொல்வேன்: சந்தேகம். முதல் மிஷினை விற்க வந்தவன் புத்தம் புதுசு மாதிரி பெயிண்ட் அடித்துக்கொண்டு வந்தான். நான் பெயிண்டைப் பார்க்கவில்லை. இன்ஜின் மூடியைக் கழற்றச் சொன்னேன். அவன் வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

அப்படிப்பட்டவனுடைய கடைசி மகளுக்கு முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மகள் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பையனும் அங்கேயே நர்ஸ். அங்கேயே எனக்கு முதல் சந்தேகம். நான் கொண்டுவந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று தட்டிவிட்டவள், இந்தப் பேச்சு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"நீங்க போய்ப் பாருங்கப்பா. பிடிக்கலன்னா விட்டுடலாம். உங்களை மீறி எதுவும் பண்ண மாட்டேன். ஆனா இது இல்லன்னா அப்புறம் எனக்கு வேற பார்க்காதீங்க."

மிரட்டலா, மரியாதையா? இரண்டும்தான். என் மகளாயிற்றே. நான் ஒரு வார்த்தை 'வேண்டாம்' என்றால் அவள் ஆயுசுக்கும் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் கிடப்பாள் என்று எனக்குத் தெரியும். அதற்காக அவசரப்பட்டு 'சரி' என்று சொல்கிற ஆள் நானில்லை.

நிலம் பார்க்க வேண்டும் என்றேன். பையன் வீட்டுக்குக் கடலோரம் தென்னந்தோப்பு இருக்கிறது, வாய்க்கால் வழியாகப் படகில்தான் போக வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். சாலை போகாத இடத்தில் தோப்பு என்றால் என்ன அர்த்தம்? எவன் தோப்பையும் காட்டி என்னுடையது என்று சொல்லலாம். கேட்க அண்டை அயல் இருக்காது.

நாள் குறித்தது என் மனைவி. கத்திரி வெயில் நடுவில் ஒரு சனிக்கிழமை, அமாவாசைக்கு மறுநாள்.

"சனிக்கிழமையா? சம்பந்தம் பேசவா?" என்றேன்.

"சம்பந்தம் பேசவா போறோம்? நிலம் பார்க்கத்தானே போறோம். உங்களுக்கும் அன்னைக்குத்தான் மிஷின் வேலை இல்ல."

காரை விடியற்காலையில் எடுக்கலாம் என்றேன். வெயிலுக்கு முன்னால் படகு ஏறி இறங்கிவிடலாமே. அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகுகாலம், அது கழிந்துதான் படகில் கால் வைக்க வேண்டும் என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்துகிறாள். ராகுகாலத்தில் நகை வாங்கியிருக்கிறாள், கார் வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் ராகு அவளுக்கு நெருங்கிய சொந்தமாகிவிட்டது. இதை நான் அப்போதே மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் பையன் வீட்டைப் பார்க்கப் போனால் அங்கே கை நனைக்கக் கூடாது. சாப்பிடக் கூடாது. சாப்பிட்டு எழுந்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அப்புறம் இல்லை என்று பேச முடியாது. நான் இன்னும் ஒரு படி மேலே. காபி கூடக் குடிக்க மாட்டேன். வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன்.

அவர்கள் வீடு சின்ன ஓட்டு வீடு, சுத்தமாக இருந்தது. பையன் அன்று டியூட்டியில். பையனின் அப்பா ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. வாசலுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, வாங்க."

"இன்னும் சம்பந்தி ஆகலையே" என்றேன்.

"வாய் தவறிடுச்சுங்க" என்று சிரித்தார். வாய் தவறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தவறுவது எப்போதும் அவர்கள் பக்கத்துக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

பையனின் அம்மா காபி கொண்டுவந்தாள். நான் கையை உயர்த்தியதும் ஒரு வார்த்தை வற்புறுத்தாமல் உள்ளே எடுத்துப் போய்விட்டாள். அந்த அம்மாளும் என் மனைவியும் பார்த்துக்கொண்ட பார்வை முதல் தடவை சந்திக்கிறவர்களுடைய பார்வை மாதிரி இல்லை. "முட்டி வலி தேவலையா?" என்று இவள் கேட்டாள். அவளுக்கு முட்டி வலி என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

வாய்க்கால் வீட்டுக்குப் பின்னால் இருநூறு முந்நூறு அடியில். படகு ஒடுங்கலாக, நீளமாக, வெண்டைக்காயைப் பிளந்து போட்ட மாதிரி கிடந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியாது, ஒருவர் பின்னால் ஒருவர்தான். முன்னால் குடையோடு என் மனைவி, நடுவில் நான், எனக்குப் பின்னால் பையனின் அப்பா, கடைசியில் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு படகுக்காரர். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. திரும்பி, அவர்களைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். படகு போகிற திசை எனக்குத் தெரியாது. பையனின் அப்பா முகம் மட்டும் தெரியும். அது போதும் என்று இருந்தேன்.

அவர் காலடியில் ஒரு சாக்கு. உள்ளே இளநீர். அதோடு ஒரு பெரிய தூக்குச்சட்டி. தோப்புக்குப் போகிறவர் எதற்கு இளநீரைச் சுமந்துகொண்டு போகிறார்? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயார் செய்துகொள்வார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் தானாக வெளியே வரும்.

தண்ணீரைப் பார்த்தேன். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. எங்கள் ஊர் வாய்க்காலில் அந்த நேரத்தில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இங்கே கரை முட்டத் தண்ணீர். அதுவும் ஓடவில்லை, குளம் மாதிரி நிற்கிறது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

"கை நனைஞ்சிடுச்சு பாருங்க" என்றாள் என் மனைவி, திரும்பாமலே. படகுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உப்புத் தண்ணீர் கடலிலிருந்து வருகிறது, அது எனக்குத் தெரியாததா? ஆனால் வாய்க்கால் என்றால் வாய்க்கால்தான். ஓடாமல் நிற்கிறது என்றால் கீழே எங்கோ மதகு ஷட்டரை இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கடைமடையில் கடல் தண்ணீர் ஏறாமல் தடுக்க ஷட்டர் போட்டிருப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஷட்டர் இருந்தால் அதன் சாவி யாரோ ஒருவர் இடுப்பில் இருக்கும்.

இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள். நிழல் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம், காற்றைத்தான் அவை மறைத்தன. படகு இன்ஜின் சூடு ஒரு பக்கம், தண்ணீரில் பட்டு எழும் வெயில் ஒரு பக்கம். பையனின் அப்பா தன் துண்டை நனைத்து என்னிடம் நீட்டினார். "தலையில போட்டுக்குங்க." வேண்டாம் என்றேன். அதை மடித்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார், தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. இதுவும் ஒரு கணக்கோ என்று பார்த்தேன்.

தோப்புத் துறையில் இறங்கினோம். எல்லாரும் முன்னால் நடந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு தென்னமட்டைக் குச்சியை ஒடித்து, தண்ணீர் விளிம்பில், சரியாகத் தண்ணீர் தொடும் இடத்தில் நட்டேன். எங்கள் ஊரில் முறை வைத்துத் தண்ணீர் பாயும் காலத்தில் இது தெரியாதவன் விவசாயி இல்லை. நம் முறை நடக்கும்போது குச்சியிலிருந்து தண்ணீர் இறங்கினால், மேலே எவனோ மடையைத் திருப்பிவிட்டான் என்று அர்த்தம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

தோப்பு என்றார்களே, அது இருந்தது. ஆனால் மரம்தான் இல்லை. முறிந்த அடிமரங்கள் இடுப்பு உயரத்துக்கு வரிசை வரிசையாகக் கறுத்து நின்றன. நடுவே புதுக் கன்றுகள், தோள் உயரம். இளநீர் ஏன் படகில் வந்தது என்பது இப்போது புரிந்தது.

"என்னங்க இது? தோப்புன்னீங்க?"

"தோப்புதாங்க. புயல்ல எல்லாம் விழுந்துடுச்சு. மறுபடி வச்சிருக்கோம். காய்க்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்." அவர் முகத்தில் ஒரு திருட்டு விழியும் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "போன்லயே விவரமா சொன்னேனே. அம்மா சொல்லலையா?"

அம்மா என்று அவர் சொன்னது என் மனைவியை. நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு கன்றின் மட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தென்னையே பார்க்காதவள் மாதிரி.

எல்லையைக் காட்டச் சொன்னேன். அந்த வெயிலில் நான்கு மூலைக்கும் நடந்து கல்லைக் காட்டினார். ஒரு கல் மணலில் புதைந்திருந்தது. யோசிக்காமல் நேராகப் போய்க் காலால் மணலைத் தள்ளினார். அங்கே இருந்தது. நிலம் அவருடையதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

துறைக்குத் திரும்பியபோது என் குச்சி ஒரு முழம் மேலே, காய்ந்த சேற்றில் நின்றது. படகு தரை தட்டிச் சாய்ந்து கிடந்தது. வாய்க்கால் நடுவில் கலங்கலாக ஒரு கோடு தண்ணீர்.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. படகு போகாது. நாங்கள் போக முடியாது. பசிக்கும். தூக்குச்சட்டி தயாராக இருக்கிறது. சாப்பிட்டால் சம்மதம்.

"யாரு ஷட்டர தொறந்து விட்டது?" என்று கத்தினேன்.

படகுக்காரர் வாயைப் பிளந்தார். "எந்த ஷட்டருங்க?"

"எனக்கே கதையா? முறைத் தண்ணியில பொறந்து வளர்ந்தவன்யா நான். குச்சி நட்டு வச்சிருக்கேன், பாரு. கீழே யாரு ஆள வச்சிருக்கீங்க? போன போட்டு மூடச் சொல்லு."

"பெரியவரே, இது வத்தம். கடலு இறங்குது, அதோட வாய்க்காலும் இறங்குது. சாயங்காலம் ஏறும். கடலுக்கு யாருங்க ஷட்டர் போடறது?"

"அமாவாசை ஒட்டி வத்தம் கொஞ்சம் கூட இருக்கும்" என்றார் பையனின் அப்பா. "காலையில சீக்கிரம் வந்திருந்தா மாட்டியிருக்க மாட்டோம். வாங்க, நிழல்ல உட்காருவோம்."

நம்பவில்லை. நடந்தே போகிறேன் என்றேன். நடவு வயலில் பிறந்தவனுக்குச் சேறு ஒரு பொருட்டா? அக்கரையில் மேடு தெரிந்தது, அதைப் பிடித்துவிட்டால் ஊர்ப் பாதை கிடைக்கும் என்று இறங்கினேன். எங்கள் சேறு காலை வாங்கிக்கொண்டால் திருப்பிக் கொடுத்துவிடும். இந்தச் சேறு கொடுக்கிற சாதி இல்லை. நாலாவது எட்டில் தொடை வரை போய்விட்டேன். படகுக்காரர் சவுக்குக் கழியை நீட்ட, பையனின் அப்பா படுத்துக்கொண்டு என் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். அவருடைய வெள்ளைச் சட்டை போயிற்று. என் செருப்பு ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. நானாக வந்திருப்பேன், அவர்கள்தான் அவசரப்பட்டார்கள்.

நிழல் என்று இருந்தது ஒரு கீற்றுப் பந்தல். அதற்குள் இரண்டு பேர் உட்காரலாம். என்னையும் என் மனைவியையும் உட்கார வைத்துவிட்டு அவர் வெளியே ஓர் அடிமரத்தின் மேல் உட்கார்ந்தார். என் இரண்டு பாட்டிலும் காலி. பந்தல் ஓரத்தில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது, ஆனால் அது அவர்கள் வீட்டுத் தண்ணீர். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. இளநீர்ச் சாக்கைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"இளநீர் குடிச்சா கை நனைச்சதாகுமா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வெட்டறவன் கைதானே நனையும்" என்றாள்.

பையனின் அப்பா காதில் விழுந்துவிட்டது. படகுக்காரரைக் கூப்பிட்டார். "இந்தாப்பா, சாக்குல இருக்கிறது பூரா உனக்கு. கூலியோட சேர்த்து வச்சுக்க. நீ குடிப்பியோ, யாருக்குக் குடுப்பியோ, எங்க வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

படகுக்காரர் ஒன்றைச் சீவி என்னிடம் நீட்டினார். "நான் மாப்பிள்ளை வீடு இல்லீங்க. தைரியமா குடிங்க."

குடித்தேன். மூன்று குடித்தேன். சட்டத்தில் இப்படி ஒரு சந்து கண்டுபிடிக்கிற ஆள் சாதாரண ஆள் இல்லை என்று அவரை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். வியாபாரத்தில் இருந்திருந்தால் எனக்குப் போட்டியாக வந்திருப்பார்.

பொழுது நகரவே இல்லை. என் மனைவி சர்க்கரைக்காரி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எழுந்து, நேராகப் போய்த் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"ஏய், என்ன பண்றே?"

"பசிக்குதுங்க. மயக்கம் போட்டு விழுந்தா ஷட்டர யாரு மூடுவா?"

எலுமிச்சம்பழச் சாதம், தயிர்ச் சாதம், மாவடு. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடலோரத்து வீட்டில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் ஒரு துண்டு மீன் கிடையாது. என் மனைவி சனிக்கிழமை கவிச்சி தொட மாட்டாள். அது என் வீட்டுக்குள் இருக்கிற சங்கதி. இவர்களுக்கு யார் சொன்னது?

அவள் கையைக் கழுவிக்கொண்டு, உட்கார்ந்து, சாப்பிட்டாள். நிதானமாக, மாவடுவைக் கடித்துக் கடித்து.

பையனின் அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்தார். சேறு காய்ந்த சட்டையோடு நின்றார். "நீங்க மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. அம்மா பசிக்குச் சாப்பிட்டாங்க. அத நான் சம்மதம்னு எடுத்துக்க மாட்டேன். வெளியிலயும் சொல்ல மாட்டேன். ஏத்தம் வந்ததும் கொண்டுபோய் விட்டுடறேன். வீட்டுக்குப் போய் யோசிச்சு, வேணும்னாலும் வேணாம்னாலும் ஒரு போன் பண்ணுங்க."

"நீங்க சாப்பிடலையா?"

"நீங்க பட்டினியா உட்கார்ந்திருக்கப்ப நான் எப்படிங்க?"

கையில் வந்து விழுந்த சாதகத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஆளை நாற்பது வருஷ வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை. இன்ஜின் மூடியைக் கழற்று என்று நான் சொல்லாமலே இவர் கழற்றிக் காட்டிவிட்டார். அப்படியானால் திருடன் எங்கே? எங்கோ ஒரு திருட்டு நடந்திருக்கிறது. எனக்கு மூக்கில் வாசனை அடிக்கிறது. என் மனைவி பக்கம் திரும்பினேன்.

"தோப்பு விழுந்துபோச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா படகு ஏறியிருப்பீங்களா? வீட்டுலேருந்தே வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"உன் பொண்ணுக்கும் தெரியுமா?"

"அவதான் அப்பாகிட்ட சொல்லாதன்னா." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அந்த அம்மாவும் நானும் மூணு மாசமா பேசிக்கிட்டிருக்கோம். நல்ல மாதிரி. நீங்க இவர ஒரு பொழுது முழுக்கப் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்னு நினைச்சேன். வீட்டுல வச்சா காபி கூடக் குடிக்காம அரை மணியில கிளம்பிடுவீங்க."

பார்த்தீர்களா? நான் சொன்னேனே, வெளியாளால் என்னை ஏமாற்ற முடியாது என்று.

மகளை நினைத்தேன். அவள் அந்நேரம் போனைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டிருப்பாள். இங்கே சிக்னல் கிடையாது. பிடிக்கலன்னா விட்டுடலாம் என்று சொல்லிவிட்டு அவள் எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்பது எனக்குத் தெரியும். பையனின் அப்பா அடிமரத்துக்குத் திரும்பிப் போய் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அந்த நனைத்த துண்டு காய்ந்து மொடமொடத்து இன்னும் அவர் முழங்கால் மேலேயே இருந்தது.

நான் எழுந்து பந்தலுக்கு வெளியே வந்து இரண்டு கையையும் நீட்டினேன். முழங்கை வரை சேறு.

"தண்ணி ஊத்துங்க சம்பந்தி" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குடத்தை எடுக்கப் போய், தடுக்கி, பாதித் தண்ணீரைக் கீழே கொட்டினார். மீதியை என் கையில் ஊற்றினார். ஒரே சட்டியிலிருந்து எடுத்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். எலுமிச்சைச் சாதத்தில் உப்பு ஒரு கல் கூட. அதை அவரிடமே சொன்னேன்.

சாயங்காலம் தண்ணீர் சொன்ன மாதிரியே ஏறியது. என் குச்சியைத் தொட்டு, அரைவாசி மூடியது. படகு ஒரு உலுக்கு உலுக்கி எழுந்தது. இப்போது நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். சிக்னல் வந்ததும் மகளைக் கூப்பிட்டு, "சாப்பிட்டாச்சு" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான்.

கல்யாணம் நடந்து, இப்போது பேத்தி தவழ்கிறாள். கன்றுகளில் பாளை விட்டிருக்கிறது என்கிறார் சம்பந்தி. போய் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. அமாவாசைக்கு மறுநாள். ராகுகாலம் முடிந்து கிளம்பு என்கிற பிடிவாதம். தூக்குச்சட்டியில் நான்கு பேர் சாப்பாடு. வத்தம் எப்போது இறங்கும் என்று அந்த அம்மாளிடம் மூன்று மாதமாகப் போன் பேசினவளுக்குத் தெரியாதா? நேராகவே கேட்டுவிட்டேன்.

"கடல நான் இறக்க முடியுமாங்க?" என்கிறாள் என் மனைவி.

கேட்டதற்கு அது பதில் இல்லை. இப்போதெல்லாம் அவள் ஓர் இடத்துக்குக் கிளம்ப நேரம் குறித்தால், நான் காலண்டரை எடுத்து அமாவாசை எப்போது என்று பார்க்கிறேன்.